ஓடை தாண்டாத வண்டி

அறுபத்தொன்பதாம் வருஷம், வைகாசி வெயில். அம்பத்தூர்ப் பக்கத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் ஆறு வருஷமாக ஆபரேட்டர் வேலை பார்த்தாள் ஜெகதாம்பாள். முற்பகல் பதினொன்றே காலுக்கு அவள் காதில் ஒரு ஆண் குரல் அலறியது.

"அம்மா, பெயிண்டு கம்பெனி எரியுது! பொம்பளைங்க உள்ள மாட்டிகினு கீறாங்க. நெருப்பு வண்டிய அனுப்பும்மா!"

பாடி ஊருக்கு மேற்கே ஒரு சின்னப் பெயிண்ட் கம்பெனியில் மூட்டை தூக்குகிற வேம்புலி, எதிரே இருந்த லாரி ஆபீஸ் போனில் கத்திக்கொண்டிருந்தான். அவன் மனைவி குப்பம்மாவும் அங்கேதான் டப்பாக்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள்.

கம்பெனியிலிருந்து ஒன்றரை மைலில் ஒரு தீயணைப்பு நிலையம். ஜெகதாம்பாள் உடனே இணைத்தாள்.

"ஓடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்றார் எடுத்தவர்.

"அந்தப் பக்கம் சார்."

"அது எங்க எல்லை இல்லம்மா. எல்லை தாண்டி வண்டி எடுக்கணும்னா தாசில்தார் கையெழுத்து வேணும். சட்டம் அப்படி. அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்குச் சொல்லுங்க."

"ஆளுங்க எரியிறாங்க சார்!"

"தெரியுதும்மா. வண்டியை எடுத்தா என் வேலை போயிடும்."

அந்தப் பக்கத்து நிலையம் ஒன்பது மைல். அங்கே போகிற வெளியூர் டிரங்க் லைனில் இரண்டு வியாபாரிகள் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்காமலே அவர்கள் பேச்சை அறுத்துவிட்டு லைனைப் பிடித்தாள். அங்கே எடுத்தவரோ, போனில் யாரோ சொன்னதை நம்பி வண்டி எடுக்கச் சட்டத்தில் இடமில்லை, போலீஸ் ஸ்டேஷன் மூலமாக வரட்டும் என்றார். போலீஸ் ஸ்டேஷனைப் பிடித்தாள். அவர்கள் ஆள் அனுப்பி நெருப்பைப் பார்த்துவிட்டு வந்துதான் தகவல் சொன்னார்கள். பன்னிரண்டு ஏழுக்கு வண்டி வந்து சேர்ந்தது. குப்பம்மா, பொன்னியம்மா, ஜமீலா, மூன்று பேரும் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள்.

பத்தாம் நாள் ஜெகதாம்பாள் கைக்கு ஒரு மெமோ வந்தது. தகவல் தாமதமானதற்கு ஆபரேட்டரே காரணம். அனுமதியில்லாமல் சந்தாதாரர் பேச்சைத் துண்டித்ததும் குற்றம். அன்று போட்ட ஒவ்வொரு போனுக்கும் எக்ஸ்சேஞ்ச் டிக்கெட் சீட்டில் நேரம் குறித்திருந்தாள். அத்தனையையும் ஒரு தாளில் பிரதி எடுத்துக்கொண்டு வேம்புலியைத் தேடிப் போனாள்.

"நீதானே அந்த போனு பொம்பள?" எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவதாக அவள் சொன்னதும் வாசலிலேயே சீறினான் அவன். "லேட்டு பண்ணது நீதான்னு சொல்றாங்களே. இன்னாத்துக்கு வந்த?"

அவள் தாளைப் பிரித்து, நிமிஷம் நிமிஷமாகப் படித்தாள். கேட்டு முடித்ததும் அவன் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"நம்ம பக்கத்துல கீற வண்டி, அந்நேரம் இன்னா பண்ணிகினு இருந்துது?"

"ஷெட்ல நின்னுக்கிட்டிருந்தது."

அடுத்த மாதம், தீயணைப்புச் சட்டத்தைத் திருத்துவது பற்றிக் கருத்துக் கேட்க சட்டசபைக் குழு ஒன்று வந்தது. "சர்க்கார் வேலைக்காரி நீ. அங்க போய் வாயைத் திறந்தா நான் காப்பாத்த முடியாது," என்று எச்சரித்தார் சூப்பர்வைசர் கஜபதி. அவள் லீவு எழுதி அவர் மேஜைமேல் வைத்துவிட்டு, வேம்புலியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

கூட்டத்தில் அதிகாரி ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரப்போகும் புது வண்டிகளின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெகதாம்பாள் எழுந்தாள்.

"புது வண்டி அப்புறம் வரட்டும் சார். இருக்கிற வண்டி ஏன் கிளம்பலைன்னு முதல்ல சொல்லுங்க."

உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே தாளைக் கடைசி வரி வரை படித்தாள். முதல் போனிலிருந்து வண்டி வரும்வரை ஐம்பத்திரண்டு நிமிஷம் என்று அவள் சொன்னதும் குழுத் தலைவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சட்டத்தை மீறி நாங்க என்ன செய்ய முடியும்?" என்றார் அதிகாரி.

வேம்புலி பாய்ந்து முன்னால் வந்தான். "அந்தச் சட்டத்த எழுதினவன் ஊட்டுல எவனாச்சும் எரிஞ்சானா சார்? என் பொண்டாட்டி கத்தினது ரோட்டு வரிக்கும் கேட்டுது. உங்களுக்குக் கையெழுத்து வேணுமா?"

இரண்டு போலீஸ்காரர்கள் அவனை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். ஆனால் குழுத் தலைவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மெமோ ரத்தாகவில்லை. ஜெகதாம்பாளைக் கடலோர ஊர் ஒன்றுக்கு மாற்றினார்கள். இரண்டு வருஷம் கழித்து, அங்கே இருக்கும்போதுதான் பேப்பரில் பார்த்தாள்: சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. இனி போனில் யார் கூப்பிட்டாலும் போதும்; கிட்டத்தில் இருக்கிற வண்டி எல்லை பார்க்காமல் கிளம்ப வேண்டும்; எழுத்து வேலையெல்லாம் அப்புறம். மொத்தம் மூன்று வரி. இந்த மூன்று வரிக்கா இரண்டு வருஷம் என்று பேப்பரைக் கசக்கி எறிந்தாள்.

மறுநாள் அவள் உட்கார்ந்திருந்த சுவிட்ச்போர்டுக்கே ஒரு டிரங்க் கால் வந்தது. வேம்புலி.

"லாரி ஆபீஸ்ல படிச்சுக் காட்னாங்கம்மா. குப்பம்மா பேரு போட்டுகிறாங்களா அதுல?"

"இல்ல. யார் பேரும் இல்ல."

"செத்தது யாருன்னு கூடவா எழுதல?"

அன்று மாலையே மூன்று பெயரையும் எழுதி, அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்பதையும் எழுதி, குழுத் தலைவருக்குத் தபாலில் போட்டாள். பதில் வரவில்லை. அடுத்த மாதம் மறுபடி எழுதினாள், இன்னும் கோபமாக.