கட் சொல்ல வேண்டியவன்

தனகோடிக்கு டைரக்டர் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. நெய்வேலி குவார்ட்டர்ஸ் பையன்களுக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்தவன், மெட்ராசுக்குப் போய்க் கதாநாயகர்களுக்கு டூப்பாகக் கண்ணாடி உடைத்தான், மாடியிலிருந்து குதித்தான். இப்போது அவனே டைரக்டர். முதல் படத்தின் சண்டைக்காட்சி, சொந்த ஊர்ச் சுரங்க மண்மேட்டில்.

மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் அண்ணன் ராமசாமியும் இருந்தார். காலையிலேயே கேட்டிருந்தார்: “டைரக்டருன்னா பர்மனென்ட்டாடா, இல்ல இதுவும் கான்ட்ராக்ட்டுதானா?” அது முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது.

மேட்டு விளிம்பில் நின்ற டூப் மறுபடியும் தயங்கினான். தனகோடிக்குப் பொறுக்கவில்லை.

“கழட்டுடா சட்டைய!”

அதை மாட்டிக்கொண்டு மேலே ஏறினான். “ஆக்‌ஷன்!” என்று அவனே கத்தினான், குதித்தான். உருண்டு வந்து அடிவாரத்தில் குப்புற விழுந்தான்.

செத்துக் கிடப்பவன் ‘கட்’ கேட்கும்வரை அசையக் கூடாது. ஸ்டன்ட்காரனுக்கு அதுதான் வேதம். அவன் அசையவில்லை. வாயில் மண், முதுகில் வெயில். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. ஃபிலிம் என்ன தண்ணீரா?

‘எந்தக் கழுதைடா டைரக்டரு? கட் சொல்லித் தொலைய மாட்டானா?’ என்று மனசுக்குள் திட்டினான்.

யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் கூட்டத்திலிருந்து அண்ணன்தான் கத்தினார்:

“டேய் தனகோடி! எல்லாரும் ஒன் வாயத்தான்டா பாத்துக்கினு நிக்கிறாங்க. நாற்காலி காலியா கெடக்குது, எழுந்திருடா!”