கோயில் மைக்கில் ஒரு பெயர்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் இர்ஃபானா, எல்லாருக்கும் மிஸ்ஸி, பவித்ரனிடம் ஒரு தாளை நீட்டினார். தினமும் காலை ஏழு மணிக்கு ஈப்போவிலிருந்து போனில் கூப்பிடுவார். அவன் எடுக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று எழுத வேண்டும். இரண்டு கோடுகள் இருந்தன. பதினோரு வருஷமாக இராணுவத்தில் இருப்பவனுக்கு ஒரே பெயர்தான் தோன்றியது: அக்கா வீட்டுக்காரர் ராஜு.

அவன் குடியிருந்த ரப்பர் தோட்டத்தில் வேறு யாருக்கும் விஷயம் தெரியாது. மரங்களை வெட்டி நிலத்தை விற்ற பிறகு கோயிலும் இருபது வீடுகளும்தான் மிச்சம். அங்கே ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கஷாயம் கொதிக்கும். அதனால் இராணுவ முகாமில் பயிற்சி கோர்ஸ் என்று சொல்லி வைத்திருந்தான். உயிரே வேண்டாமென்று நினைத்து ஆறு வாரம் மனநல வார்டில் இருந்தவன் என்று தெரிந்தால் எந்த முகத்தோடு நடமாடுவது?

மனசு பத்துக்கு எத்தனை என்று மிஸ்ஸி தினமும் கேட்பார். எட்டு என்பான். பத்து நாளும் எட்டுதான். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், பதினோராம் நாள் போனைக் கட்டிலில் போட்டுவிட்டுச் செம்மண் பாதையில் நடந்தான். எங்கே போகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஏழேகாலுக்குக் கோயில் ஒலிபெருக்கி கரகரத்தது. கோயில் தலைவர் கார்த்திகேசுவின் குரல்.

"பவித்ரன் எங்க இருந்தாலும் வீட்டுக்கு வரவும். ஆஸ்பத்திரி மிஸ்ஸி போன்ல காத்திருக்காங்க. மனசு சரியில்லன்னா எங்ககிட்ட வாய்யா, நாங்க இருக்கோம்லா."

மிஸ்ஸி ராஜுவைக் கூப்பிட்டிருக்கிறார். லாரியோடு தூரத்துச் சித்தியவான் ஊரில் இருந்த ராஜு, சத்தமில்லாமல் போய்ப் பாருங்கள் என்று கார்த்திகேசுவைக் கெஞ்சியிருக்கிறார். முட்டிவலிக்காரரான கார்த்திகேசுவோ, எதற்கு நடக்க வேண்டும் என்று மைக்கைப் பிடித்துவிட்டார். காணாமல் போன ஆட்டுக்கும் அதே மைக்தான்.

பவித்ரன் கொதித்துப்போய் ஓடி வந்தான். மனுஷனை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று வந்தவன், வாசலிலேயே நின்றுவிட்டான். வீடு நிறைய ஆட்கள். எதிர்வீட்டு வீரம்மா தோசைக் கரண்டியைக் கீழே வைக்கக்கூட மறந்து வந்திருந்தார். தேடப் போன இளவட்டங்கள் மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்கா மட்டும் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு அழுதார். அந்த அடி அவனுக்கு இனித்தது.

போன் மறுபடி அடித்தது. எல்லாருக்கும் கேட்கும்படியே எடுத்தான்.

"தம்பி, இன்னைக்கு எத்தனை?"

"இத்தன நாளா எட்டுன்னது பொய், மிஸ்ஸி. காலையில ரெண்டுதான்." சுற்றிலும் பார்த்தான். "இப்ப அஞ்சு இருக்கும்."

உண்மையைச் சொன்னதே பெரிசு என்றார் மிஸ்ஸி. நாளைக்கே டாக்டரைப் பார்க்க வரச் சொன்னார். சாயங்காலம் தானே மறுபடி கூப்பிடுவதாகவும் சொன்னார். பிறகு, தாளில் அந்த இரண்டாவது கோடு இன்னும் காலியாகத்தானே இருக்கிறது, யாரை எழுதலாம் என்று கேட்டார்.

வீரம்மா தன் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்து வீடு நான்தான் என்று செல்லாயி குறுக்கே பாய்ந்தார். மைக் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார், அதற்குள் நொண்டிக்கொண்டே வந்துசேர்ந்த கார்த்திகேசு. பெரிய சண்டையாகிவிட்டது. பவித்ரன் வயிறு குலுங்கச் சிரித்தான்; சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"மிஸ்ஸி, அந்தத் தாள் பத்தாது. இன்னொண்ணு அனுப்புங்க."