ஏழாம் நம்பர் போத்தல்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் வீதியோரம் வரிசையாக இருக்கும் ஸ்பைஸ் கார்டன்களில் ஒன்றில் உதயராஜ் டொக்டராக இருந்தான். அவனை டொக்டராக்கியது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. முதலாளி செல்லச்சாமி கொடுத்த வெள்ளைக் கோட்டு. பஸ்ஸில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களை மிளகுக் கொடி, கொக்கோ மரம், வனிலாப் பந்தல் என்று சுற்றிக் காட்டி, எந்த இலை எந்த நோயைத் தீர்க்கும் என்று ஆங்கிலத்தில் சொல்லி, கடைசியில் கடைக்குள் கொண்டுபோய் விடுவது அவன் வேலை. கடையில் மருந்துகளுக்கு நம்பர்தான் பெயர். மூன்று முடி வளர. ஐந்து மூட்டுவலிக்கு. ஏழு வயிற்றுக்கு.

மற்ற நம்பர்களை அவன் கூசாமல் விற்றான். ஏழாம் நம்பரைப் பற்றி வாய் திறந்தால் மட்டும் அவனுடைய வயிறே அவனை எதிர்த்துப் பேசியது. முதலில் ஒரு கடமுடா. பிறகு ஒரு முறுக்கு. அதற்குப் பிறகு கொக்கோ மரங்களுக்குப் பின்னாலிருந்த வேலைக்காரர் கக்கூசுக்கு ஓட்டம்.

கண்டியில் ஒரு நிபுணரிடம் காட்டினான். இரத்தம் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். "குடல்ல பழுது ஒண்ணும் இல்ல. கொஞ்சம் ரோசமான குடல், அவ்வளவுதான். எப்ப கூடுது?" என்று கேட்டார் நிபுணர்.

"வேலைக்குப் போனாத்தாங்க."

"என்ன வேலை?"

"தோட்டத்துலங்க" என்றான் உதயராஜ்.

வயிற்று வருத்தத்தை வெளியில் சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. வெள்ளைக் கோட்டுக்காரனுக்கு நோய் வரக்கூடாது என்பது செல்லச்சாமியின் சட்டம். முன்பு ஒருவன் இருமல் பாணியைக் கையில் வைத்துக்கொண்டே இருமிவிட்டான். அன்று பின்னேரமே கோட்டைக் கழற்றி அவனைப் பொதி கட்டும் அறைக்கு அனுப்பினார். அவன் இன்னமும் அங்கேதான் கறுவாப்பட்டைக்கு ரப்பர் வளையம் போட்டுக்கொண்டிருக்கிறான்.

மனைவி கமலாட்சியின் தம்பி சதீஸ்குமார் கனடாவிலிருந்து ஒரு பார்சல் அனுப்பினான். இரண்டு வகைக் குளிசை, இரண்டும் வெள்ளை. ஒன்றில் நல்ல கிருமிகள், கோடிக்கணக்கில். மற்றதில் சாப்பாட்டைச் செரிக்கவைக்கும் நொதி.

"மச்சான், வயித்துக்குள்ள நல்ல கிருமி, கெட்ட கிருமின்னு ரெண்டு கட்சி. நல்ல கட்சிக்கு ஆள் சேர்க்கத்தான் இது" என்று போனில் விளக்கினான்.

"உள்ள போனதும் கட்சி மாறிட மாட்டாங்களே?"

"இத்தன கோடிப் பேருக்கும் நானா சோறாக்கணும்?" என்று பின்னாலிருந்து கேட்டாள் கமலாட்சி.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும் என்று போத்தலில் எழுதியிருந்தது. பார்சலோ கொழும்புச் சுங்கத்தில் ஒரு மாதம் வெந்துவிட்டு வந்திருந்தது. உதயராஜ் அதைப் பெரிதுபடுத்தவில்லை. விழுங்கினான். ஒரு கிழமையில் வயிறு வாயை மூடிக்கொண்டது. மிளகுக் கொடியடியில் நின்று ஏழாம் நம்பரைப் பற்றிக் கால் மணித்தியாலம் பேசினான், ஓடாமல்.

மத்தியானமும் விழுங்க வேண்டிய குளிசைகளை வேலையிடத்தில் எங்கே வைப்பது என்பதுதான் தொல்லை. வனிலாவும் ஏலமும் களவு போகாமலிருக்க, போக வர வாசலில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். கனடாப் போத்தல் அகப்பட்டால் கோட்டு போகும். அதனால் எல்லாக் குளிசைகளையும் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, ஒரு வெற்று ஏழாம் நம்பர் போத்தலில் கொட்டி, தன்னுடைய விளக்க மேசையில் எல்லாருக்கும் தெரிய வைத்தான். கபில நிறப் போத்தல். உள்ளே இருப்பது வெள்ளையா, கடையின் வழக்கமான பச்சையா என்று யாருக்கும் தெரியாது.

ஒரு மத்தியானம் போத்தலைக் காணவில்லை. கடையில் காசு வாங்கும் ஜஸ்லாவிடம் ஓடினான்.

"வித்துட்டேன் டொக்டரண்ணே. நெதர்லாந்து அம்மா ஒருத்தர் வயித்தப் புடிச்சிக்கிட்டு வந்தாங்க. ராக்கையில ஏழு முடிஞ்சிருந்திச்சு, உங்க மேசையில இருந்தத எடுத்துக் குடுத்தேன். ஏன், அதுல நஞ்சா?"

"இல்ல. மருந்து."

"மருந்தா?" ஜஸ்லா கையிலிருந்த பேனையை வைத்தாள். "நம்ம கடையிலயா?"

அன்றிலிருந்து பழைய கதை. அடுத்த பார்சலும் சுங்கத்தில் கிடந்தது. சுற்றுலாக் கூட்டத்தை வனிலாப் பந்தலடியில் நிறுத்தி, "இந்த வாசனையைக் கண்ணை மூடி அனுபவியுங்கள்" என்று சொல்லிவிட்டு ஓடப் பழகினான். அவன் திரும்பி வரும்வரை சிலர் உண்மையாகவே அனுபவித்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையில் நெதர்லாந்து அம்மா ஊர் போய்ச் சேர்ந்து இணையத்தில் எழுதிவிட்டார். பல வருட வயிற்று நோயாம். ஐரோப்பாவின் மருந்தெல்லாம் தோற்றதாம். கீழைத்தேய ஞானம் ஒரு போத்தலில் வென்றதாம். பஸ்ஸுக்குப் பஸ் ஏழாம் நம்பரைக் கேட்டு இறங்கினார்கள். செல்லச்சாமி வீதியோரப் பலகையில் ஏழாம் நம்பரை மட்டும் சிவப்பில் எழுதவைத்தார்.

பிறகு அந்த அம்மாவின் ஊரிலிருந்தே ஒரு கூட்டம் வந்தது. எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள், எல்லாருக்கும் வயிறு. ஜஸ்லா ஏழாம் நம்பர்களை அடுக்கினாள். ஒருவர் திறந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தன் பையிலிருந்து அந்த அம்மாவின் பழைய போத்தலை எடுத்து, மிச்சமிருந்த இரண்டு குளிசைகளை மேசையில் உருட்டினார்.

"பச்சை வேண்டாம். வெள்ளை" என்றார்.

செல்லச்சாமி வெள்ளையைப் பார்த்தார். ஜஸ்லாவைப் பார்த்தார். ஜஸ்லா உதயராஜைப் பார்த்தாள். உதயராஜின் வயிறு எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொன்னது.

முதலாளி அவனைப் பொதி கட்டும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரப்பர் வளையக்காரன் நகர்ந்து இடம் விட்டான். புதிய ஆளுக்கு என்று நினைத்திருப்பான். உதயராஜ் எல்லாவற்றையும் சொன்னான். கண்டி, கனடா, கிருமி, நொதி.

"கிருமியா! உசிரோடயா?"

"உசிரோட இருந்தாத்தான் வேல செய்யுமாம். ஐஸ்பெட்டியில வைக்கணும்னு போட்டிருந்திச்சுங்க. சுங்கத்துல ஒரு மாசம் கெடந்திச்சு. பொறகு நம்ம மேசையில, வெயில்ல."

"அப்ப செத்துப்போனதுதான் அந்த அம்மாவ சொகமாக்கியிருக்கு."

"அப்படித்தாங்க இருக்கணும்."

செல்லச்சாமி யோசித்தார். முகத்தில் கோபம் தேடினான் உதயராஜ். அது கணக்குப் போடும் முகமாக இருந்தது.

"செத்ததுதான்னா நாமளே செய்யலாமே. கோட்டக் கழட்டாதீங்க உதயராஜ். இனி நீங்க பெரிய டொக்டர்."

வெளியே போய் நெதர்லாந்துக்காரர்களிடம், வெள்ளை பெரிய டொக்டரின் கைமருந்து, தயாரானதும் தபாலில் வரும் என்றார். அவர்கள் முற்பணம் கட்டி, கோட்டுடன் உதயராஜை நடுவில் நிறுத்திப் படமும் எடுத்தார்கள்.

கொழும்பிலிருந்து வெற்று வெள்ளைக் குளிசைக் கூடுகள் மூட்டையாக வந்தன. விஷயம் வெளியில் போகக்கூடாது என்பதால் உதயராஜே தன் கையால் நிரப்பினான். வறுத்த அரிசி மா, மணத்துக்குக் கொஞ்சம் கறுவாத்தூள். ஊர் ஊராகக் கடிதங்கள் வந்தன: குணமாகிவிட்டது, நன்றி, இன்னும் இரண்டு போத்தல்.

கடைசியில் சதீஸ்குமாரின் பார்சலும் சுங்கத்தைவிட்டு வந்தது. உதயராஜ் ஒரு குளிசையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அதே வெள்ளை, அதே நீளம். கூட்டைப் பிரித்தான். உள்ளே வெளுத்த மா. நாக்கில் வைத்தான். விழுங்கினான். கிழமைக் கணக்கில் விழுங்கினான். இந்தமுறை அவனுக்கு நம்பிக்கையும் வரவில்லை, சுகமும் வரவில்லை.

நேற்று மிளகுக் கொடியடியில் பிரெஞ்சுக்காரர்கள் வட்டமாக நின்றார்கள். ஏழாம் நம்பர் தன் வாழ்க்கையையே மாற்றியது என்று பெரிய டொக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வயிறு குறுக்கிட்டது. வாசனையை அனுபவிக்கச் சொல்லிவிட்டு, கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொக்கோ மரங்களுக்குள் ஓடினான்.

கடை வாசலில் நின்ற ஜஸ்லா கையை வாயருகே குவித்துக் கூப்பிட்டாள்.

"டொக்டரண்ணே, ஏழாம் நம்பர் ஒண்ணு எடுத்து வைக்கவா?"