கோல் போட்டவள் ஓடி வர வேண்டும்

கோல் போட்டவள் நேராக கோச் ஜெரூஷாவிடம் ஓடி வர வேண்டும். அது அந்த அணியின் பழக்கம். கையில் ஸ்டிக்கோடு வந்து மிஸ்ஸின் தோளில் சாய வேண்டும். மிஸ் கட்டிப்பிடித்து, முதுகில் ஒரு தட்டு தட்டி அனுப்புவாள். பத்திரிகைக்காரர்களுக்கு அந்தப் படம் பிடிக்கும். தாம்பரத்தில் உள்ள அவர்கள் கல்லூரியின் எந்த வருடத்து ஆண்டு மலரை எடுத்துப் பார்த்தாலும் அது இருக்கும்.

கட்டிப்பிடிக்கும்போது மிஸ்ஸின் கட்டைவிரல் என்ன செய்கிறது என்று யாரும் பார்த்ததில்லை.

அவர்கள் ஆடுவது லக்ராஸ். அதன் ஸ்டிக்கின் தலையில் ஒரு வலைப்பை உண்டு. பந்தை அதில் ஏந்திக்கொண்டு ஓட வேண்டும், அதிலிருந்தே வீசி கோல் போட வேண்டும். பை ஆழமாக இருந்தால் எதிராளி எப்படித் தட்டினாலும் பந்து உள்ளேயே கிடக்கும். அதனால் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பந்தைப் பையில் போட்டுக் கண்மட்டத்துக்குத் தூக்கினால், பந்தின் தலை விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கோல் செல்லாது. எதிரணி கோச் கேட்டால் நடுவர் சோதித்துப் பார்ப்பார். ஸ்டிக் சரியாக இருந்துவிட்டால், கேட்டவர்களுக்குத் தண்டனை.

அணியின் ஸ்டிக்குகளுக்கெல்லாம் பை கட்டுவது ஜெரூஷாதான். ஆழமாகக் கட்டுவாள். தலையின் அடியில் ஒரு கயிறு தொங்கும். அதை இழுத்தால் பை சுருங்கி ஆழம் குறைந்துவிடும், நடுவர் சோதித்தாலும் பந்து மேலே தெரியும். இழுக்க ஓர் அணைப்பு போதும்.

அவள் ஹாக்கி ஆடியவள். முழங்கால் போனபிறகு கல்லூரிக்கு வந்தாள். லக்ராஸ் என்றபோது, வலையை வைத்துத் தட்டான் பிடிக்கப் போகிறீர்களா என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள். முதல் கோப்பை வந்ததும் கேலி நின்றது. அந்தக் கோப்பையில் கட்டைவிரலுக்கு வேலை இருக்கவில்லை. இரண்டாவதில் இருந்தது. அதன்பிறகு வந்த கோப்பைகளுக்கு முதல்வர் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி செய்தார்கள். இரும்புலியூரில் அவளுக்கு ஒரு மாடிப் போர்ஷன் இருந்தது. தூங்குவதற்கு மட்டும் அங்கே போவாள்.

கடைசி இரண்டு வருடமும் கோப்பை இல்லை. கல்லூரிச் செயலாளர் ஐசக் கூப்பிட்டனுப்பினார்.

"போர்டுல கேக்கறாங்க மேடம். அந்த கிரவுண்ட்ல ஹாஸ்டல் ப்ளாக் கட்டிடலாம்னு. இந்த வருஷம் கப் வந்தா நான் பேசிப் பாக்கறேன்."

"வரலேன்னா சார்?"

"டீமை எடுத்துட வேண்டியதுதான். பிரேயர் பண்ணுவோம்."

ஜெரூஷா பிரேயர் பண்ணவில்லை. எல்லா ஸ்டிக்குகளையும் பிரித்து, இன்னும் ஆழமாகப் பை கட்டினாள்.

இறுதி ஆட்டம் வண்டலூரைத் தாண்டி ஒரு மைதானத்தில் நடந்தது. காலையிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்தது. எதிரணி சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துப் பொறியியல் கல்லூரி. அதன் கோச் அபிதகுஜாம்பாள், ஜெரூஷாவின் பழைய மாணவி. கல்லூரி வரலாற்றில் அதிக கோல் போட்டவள். அதிகமாகக் கட்டிப்பிடிக்கப்பட்டவளும் அவள்தான்.

"சாப்டீங்களா மிஸ்?"

"ஆச்சு. நீ?"

"டென்ஷன்ல இறங்கல." சிரித்தாள். "கட்டைவிரல் எப்படி இருக்கு மிஸ்?"

ஜெரூஷா மைதானத்தைப் பார்த்தாள். "வயசாச்சு. வலிக்குது."

"மழை வேற. பாத்துக்கோங்க."

அபிதகுஜாம்பாள் யாரிடமும் சொல்ல மாட்டாள். சொன்னால் அவளுடைய மெடல்களுக்கும் மரியாதை இருக்காது. ஆனால் சரியான நேரத்தில் கை தூக்குவாள். அதற்கு அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆட்டம் முடியும் தறுவாயில் கணக்கு சமமாக இருந்தது. பந்து மஹாலட்சுமியிடம் வந்தது. கோவளம் குப்பத்துப் பெண், இரண்டாம் வருடம். மணலில் ஓடி வளர்ந்த கால்கள். சேற்றில் மற்றவர்கள் வழுக்க, அவள் மட்டும் நிமிர்ந்து ஓடினாள். இரண்டு பேர் ஸ்டிக்கைத் தட்டினார்கள். பந்து அசையவில்லை. வீசினாள். கோல்.

ஓடி வந்தாள். ஜெரூஷா கைகளை விரித்து வாங்கிக்கொண்டாள். கட்டைவிரல் கயிற்றைத் தேடியது. கயிறு தொங்கவில்லை. அந்த இடத்தில் சுண்டைக்காய் அளவில் கெட்டியாக ஒரு முடிச்சு இருந்தது.

"இது என்ன?" என்றாள் காதருகில்.

"இன்னா மிஸ்?"

"கயிறு."

"அதுவா. அவுந்து அவுந்து தொங்கிகினே இருந்துச்சு மிஸ், ஒரே பேஜாரு. நேத்து எங்க நைனா கைல குடுத்தேன். வலைக்குப் போடற முடிச்சு. இனிமே அறுத்தாத்தான் உண்டு." அவள் குரலில் பெருமை இருந்தது.

ஜெரூஷா நகத்தால் நெம்பினாள். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. புகைப்படக்காரர் எதிரில் நின்றதால் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்துக்கொண்டே இழுத்தாள். நகம் பிய்ந்தது.

"வுடுங்க மிஸ், மூச்சு முட்டுது."

எதிர்ப்பக்கம் அபிதகுஜாம்பாள் கைகட்டி நின்றிருந்தாள். அந்த அணைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது அவள் உடம்புக்குத் தெரியும். இது நீண்டுகொண்டே போனது. அவள் கையை அவிழ்த்து மேலே தூக்கினாள்.

"சார், ஸ்டிக் செக்."

நடுவர் சாம்பசிவன் பந்தைப் பையில் போட்டுத் தூக்கிப் பார்த்தார். பந்து இருப்பதே தெரியவில்லை. கோல் இல்லை என்று கையசைத்தார். பிறகு ஸ்டிக்கைத் திருப்பி முடிச்சைப் பார்த்தார்.

"இது மீன் வலை முடிச்சாச்சே. பை ஆழமாவே நிக்கறதுக்குக் கட்டின மாதிரி இருக்கு. மேடம், இதை யாரு பண்ணது? உங்களுக்குத் தெரிஞ்சு நடந்திருந்தா மேட்சை அவங்களுக்குக் குடுத்துடணும். ப்ளேயரா பண்ணியிருந்தா ப்ளேயர் மட்டும் வெளிய. நீங்களே சொல்லுங்க."

மஹாலட்சுமி மிஸ்ஸைப் பார்த்தாள். கோல் போனதில் முகம் வாடியிருந்தது. பயம் இல்லை. மிஸ் இருக்கிறாள், மிஸ் பேசிக்கொள்வாள்.

கேப்டன் எபி பக்கத்தில் நின்றிருந்தாள். மழைத் தண்ணீர் எல்லோர் முகத்திலும் வழிந்தது. மைதானத்துக்குப் பின்னால் ஒரு மின்சார ரயில் போனது. அது போய் முடியட்டும் என்று ஜெரூஷா காத்திருந்தாள்.

"எனக்குத் தெரியாது சார். அவ அப்பா கட்டினதாம்."

சாம்பசிவன் சிவப்பு அட்டையை எடுத்தார்.

"மிஸ்." மஹாலட்சுமிக்கு இன்னும் விளங்கவில்லை. "நைனா முடிச்சுதான மிஸ் போட்டாரு. பை நீங்கதான..."

"போய் உக்காரு."

"மிஸ், அவரு வேற ஒண்ணுமே..."

"உக்காருன்னு சொன்னேன்ல."

மஹாலட்சுமி போனாள். பெஞ்சில் உட்காரவில்லை. வேலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எபி அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிச்ச நேரத்தில் யாரும் கோல் போடவில்லை. கூடுதல் நேரம் கொடுத்தார்கள். இனி முதல் கோல் போடுபவர்களுக்குக் கோப்பை. இடைவேளையில் ஸ்டிக்குகளைத் தொட ஜெரூஷாவுக்கு வழியில்லை. சாம்பசிவன் அவர்கள் பெஞ்சை ஒட்டியே நின்றுகொண்டார். ஸ்டிக்கைத் தொட்டால் கேட்பார். குழந்தையைக் கட்டிப்பிடித்தால் யார் கேட்க முடியும்?

"எபி, இங்க பாரு. கோல் போட்டதும் நேரா எங்கிட்ட வா. யாரு போட்டாலும். வேற எங்கேயும் போகக் கூடாது."

எபி ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். "மகா அழுதுட்டிருக்கா மிஸ்."

"அப்புறம் பாக்கலாம். நான் சொன்னது கேட்டுதா?"

"ம்."

"என்ன ம்?"

"கேட்டுது மிஸ்."

ஓர் ஆள் குறைவாகவே இறங்கினார்கள். ஜெரூஷா கோட்டோரமாக நடந்தாள், திரும்பி நடந்தாள். முழங்கால் வலித்தது. அந்தப் பக்கத்துப் பெண்கள் இரண்டு முறை கோல் வரைக்கும் வந்தார்கள். இரண்டு முறையும் கோல்கீப்பர் மேலேயே வீசினார்கள். அபிதகுஜாம்பாள் கத்தவில்லை. அவள் ஆட்டத்தைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. ஜெரூஷாவின் கையைத்தான் பார்த்தாள்.

பிறகு பந்து எபியிடம் வந்தது. மூன்று பேர் சூழ்ந்தார்கள். ஒருத்தி இடித்தாள், ஒருத்தி ஸ்டிக்கின் மேலேயே அடித்தாள். பந்து பையை விட்டு அகலவில்லை. எபி விழுந்துகொண்டே வீசினாள்.

வலை ஆடியது. நடுவரின் விசில் கேட்டது.

ஜெரூஷா கைகளை விரித்தாள்.

எபி எழுந்து ஓடி வந்தாள். நேராகத்தான் வந்தாள். கடைசியில் ஒதுங்கி, மிஸ்ஸைக் கடந்து, வேலியை நோக்கி ஓடினாள். மற்றவர்களும் அவள் பின்னால் ஓடினார்கள். மஹாலட்சுமியைத் தூக்கி நிறுத்தினார்கள். அவளைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள்.

"எபி, இங்க வா."

யாரும் திரும்பவில்லை.

"எபி. சொன்னேன்ல. வா."

ஜெரூஷா ஓடினாள். ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்ன காலை வைத்துக்கொண்டு ஓடினாள். சேறு புடவையில் அடித்தது. வேலியை எட்டியபோது அவளுக்கு முதுகுகள் மட்டுமே தெரிந்தன. எட்டு முதுகுகளோ பத்து முதுகுகளோ, சேறும் மழையுமாக ஒட்டிக்கொண்டு நின்றன. உள்ளே எங்கோ எபியின் ஸ்டிக் இருந்தது. அவள் இரண்டு தோள்களுக்கு நடுவே கையை நுழைத்தாள். துழாவினாள். ஒரு முழங்கை தட்டுப்பட்டது, ஒரு சடை தட்டுப்பட்டது.

"மிஸ் வந்துட்டாங்கடி," என்றாள் ஒருத்தி. "வழி விடுங்க."

யாரோ அவள் கையைப் பிடித்தார்கள். பிடித்து இழுத்து மஹாலட்சுமியின் தலையில் வைத்தார்கள். சமாதானத்துக்கு வந்ததாக நினைத்திருக்க வேண்டும். ஈரத் தலை விம்மலில் குலுங்கியது. மஹாலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். கையைத் தட்டிவிடவில்லை.

"எங்க நைனாவ ஏன் மிஸ் சொன்னீங்க?" என்றாள்.

ஜெரூஷாவால் கையை எடுக்க முடியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னாலிருந்து குரல் வந்தது. வகுப்பில் சந்தேகம் கேட்பது போல மரியாதையான குரல்.

"சார், ஸ்டிக் செக்."

சாம்பசிவன் கையை நீட்டியபடி வந்தார். எபி சிரித்துக்கொண்டே தன் ஸ்டிக்கை அவரிடம் நீட்டினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டிக் ஜெரூஷாவின் முகத்துக்கு முன்னாலேயே கைமாறியது. அடியில் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அதில் முடிச்சு ஏதும் இல்லை.