கடைக்காரர் உள்ளே இருக்கிறார்

அந்த மருந்துக்கடையில் யார் வந்து "பெரியவர் இல்லையா?" என்று கேட்டாலும் அவள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "உள்ளே இருக்கார்." பதினெட்டு வருடமாகச் சொல்கிறாள். பொய் என்றும் தள்ளிவிட முடியாது. முதலாளி உள்ளறையில்தான் இருப்பார், சாய்வு நாற்காலியில், முகத்தின் மேல் செய்தித்தாளோடு. கண் மங்கிப்போய் வருடக்கணக்காகிறது. மருந்துச் சீட்டு வாங்குவது, படிப்பது, எடுத்துக் கொடுப்பது, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்வது எல்லாம் அவள் தலையில். கேட்கிறவர்களுக்கு மட்டும் ஓர் ஆம்பிளைக் குரல் உள்ளேயிருந்து வந்தால்தான் மருந்து வேலை செய்யும் என்று நினைப்பு.

டாக்டர்களின் கையெழுத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எலும்பு டாக்டர் எழுதியது மைப்புட்டியில் விழுந்து எழுந்த எறும்பு ஓடிய மாதிரி இருக்கும். தோல் டாக்டர் முதல் எழுத்தை எழுதிவிட்டு மிச்சத்தை ஒரே இழுப்பாக இழுத்துவிடுவார். அவள் எழுத்தைப் பார்க்கவே மாட்டாள். முதலில் அளவைப் பார்ப்பாள். அப்புறம் எழுதியது யார், வந்திருப்பவருக்கு என்ன உபாதை என்று பார்ப்பாள். மருந்தின் பெயர் தானாக வந்து நிற்கும். சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள, ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு நீள நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, அவர் எந்த எழுத்தை எப்படிச் சுழிப்பார் என்று வரைந்து வைத்திருந்தாள்.

ஜெர்மன் மொழி அவளைப் பிடித்துக்கொண்டதும் கடையில்தான். வெளிநாட்டு மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் ஒரே விஷயம் நாலு மொழியில் இருக்கும். டீ ஆறும் நேரத்தில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். பக்கவிளைவுகளில் ஆரம்பித்து, பழைய புத்தகக் கடையில் ஒரு கவிதைத் தொகுப்பில் போய் மாட்டிக்கொண்டாள். பல்கலைக்கழகத்தில் மத்தியான வகுப்பாக ஜெர்மன் மொழி, இலக்கியம், பண்பாடு என்று மூன்று வருடப் பட்டப்படிப்பு தொடங்கியபோது, முப்பத்தொன்பது வயதில் ஆழம் தெரியாமல் காலை விட்டாள். கூடப் படித்த பிள்ளைகள் அவளுக்கு மருந்தக்கா என்று பெயர் வைத்தார்கள். பஸ் ஓட்டும் அவள் கணவர் மட்டும் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நமக்குத் தெரிஞ்ச மொழியிலேயே வீட்டுல நீ நாலு வார்த்தைதான் பேசற. இதுல இன்னொண்ணு வேறயா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. மூன்று வருடத்தில் எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் மருந்தக்காதான் முதல். நாவல் கொடுத்தால் கரைத்துக் குடித்துவிடுவாள். வாய்மொழித் தேர்வில்தான் முதலுக்கே மோசம். பட்டம் வேண்டுமென்றால் மூன்று தேர்வாளர்கள் முன்னால் பதினைந்து நிமிடம் ஜெர்மனில் பேசியாக வேண்டும். மூன்று தடவை முயலலாம். முதல் தடவை நாற்காலியில் உட்கார்ந்தாள், வணக்கம் சொன்னாள், அதோடு சரி. இரண்டாம் தடவை வணக்கமும் வரவில்லை. மனசுக்குள் எல்லாம் இருக்கிறது, வெளியே சொல்ல வாயில்லை. ஊமை கண்ட கனவுதான். மூன்றாவதும் போனால் பட்டம் இல்லை. வகுப்புக்கு வந்து போனாள் என்று ஒரு காகிதம் கொடுத்து அனுப்புவார்கள். 

மூன்றாம் தடவைக்கு என்ன தலைப்பு எடுக்கலாம் என்று நூலகத்தில் அலைந்தபோதுதான் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி கண்ணில் பட்டது. யாரோ வீடு காலி செய்தபோது கொடுத்துவிட்டுப் போன நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கடிதங்கள். எல்லாம் பழைய ஜெர்மன் கையெழுத்து. ரம்பப் பல் மாதிரி மேலும் கீழுமாகக் கோடுகள். இன்றைய ஜெர்மன்காரர்களே பார்த்தால் திணறுவார்கள். பெட்டியின் அட்டையில் 'ஒரு வணிகரின் கடிதங்கள்' என்று எழுதியிருந்தது. அட்டையில் அப்படி எழுதியவர் அவளுடைய ஜெர்மன் துறைக்குத் தலைவரான பேராசிரியை அம்மாவேதான். இருபத்திரண்டு வருடம் முன்னால் முதல் பக்கத்தில் இருந்த ஒரு பட்டியலைப் பார்த்து, வணிகர் என்று முடிவுகட்டி, கட்டுரையும் வெளியிட்டிருந்தார். அவரே சொன்ன பிறகு அடுத்தவர் ஏன் பெட்டியைத் திறக்கப் போகிறார்?

மருந்தக்கா திறந்தாள். மோசமான கையெழுத்து ஒன்றைப் படிக்காமல் விட்டுப் போக அவளால் முடியாது, அவ்வளவுதான். பழக்கதோஷத்தில் எழுத்தை விட்டுவிட்டு அளவைப் பார்த்தாள். மூன்று என்ற எண் மாதிரி ஒரு சுழி, அதன் தலையில் ஒரு கொம்பு. அவள் படித்த மருந்தாளுநர் பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், இப்போது யாரும் பயன்படுத்தாத பழைய மருந்து எடைகள் என்று ஓர் அட்டவணை இருந்தது. தேர்வுக்கு வராது என்று எல்லோரும் கிழித்துக் கப்பல் செய்து விடாத குறைதான். அதே சுழி. நூலகம் என்பதையும் மறந்து அவள் சிரித்துவிட்டாள். மிளகும் துணியும் விற்கிறவன் பட்டியலா இது? இது மருந்துச் சீட்டு!

அந்தக் கையெழுத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினாள், எலும்பு டாக்டருக்கும் தோல் டாக்டருக்கும் நடுவில். மூன்று மாதம் மத்தியானங்களில் உட்கார்ந்து அறுபத்தொரு கடிதங்களையும் படித்து முடித்தாள். எழுதியது ஒரு பெண். சின்ன ஊர் ஒன்றில் மருந்துக்கடைக்காரரின் மனைவி. புருஷன் படுத்த படுக்கை. பெண்பிள்ளை மருந்து கலக்கினால் கடையை மூடிவிடுவார்கள். அதனால் அவர் பெயரிலேயே கடையை ஓட்டிக்கொண்டு, நடந்ததையெல்லாம் தங்கைக்கு எழுதியிருக்கிறாள். படிக்கப் படிக்க மருந்தக்காவுக்கு, இவளை எனக்குத் தெரியுமே என்று தோன்றியது.

சிக்கல் அதற்கப்புறம்தான். இதைச் சொன்னால், தேர்வாளர்களில் நடுநாயகமாக உட்காரப் போகிற பேராசிரியையின் கட்டுரை தப்பு என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவர் அறை வாசல் வரை போனாள். இரண்டு தடவையும் கதவைத் தட்டாமலே திரும்பி வந்தாள். 'சாம்பல் பெட்டிக் கடிதங்கள்' என்று தலைப்பை மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

கணவர் கேட்டுவிட்டுப் பதறிப்போனார். "பரீட்சை கொடுக்கப் போறியா, இல்ல பரீட்சை வைக்கறவங்களுக்கே பரீட்சை வைக்கப் போறியா? கடைசித் தடவைம்மா. பேசாம ஏதாவது ஒரு கவிதையைச் சொல்லிட்டு வந்துடு."

அவளுக்கும் அந்த ஆசை இல்லாமலில்லை. ஆனால் டாக்டர் அளவைத் தப்பாக எழுதிவிட்டால் அவள் போன் போட்டு, குரலைத் தாழ்த்தி, "டாக்டர், ஒருதடவை பாத்துடுங்களேன்" என்பாள். எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் சரி. இந்தப் பதினெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட அதை விட்டதில்லை.

"தெரிஞ்சே தப்பு மருந்தை எடுத்துக் கொடுக்க என்னால முடியாதுங்க" என்றாள்.  அவர் தேர்வு நாளுக்கு டிப்போவில் விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

தேர்வறையில் அதே நாற்காலி. எதிரே நடுவில் பேராசிரியை, ஒரு பக்கம் வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த வழுக்கைத் தலை முதியவர், இன்னொரு பக்கம் இளம் விரிவுரையாளர். அவள் உட்கார்ந்தாள். வணக்கம் வந்தது. அப்புறம் பழைய கதைதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு நிமிடம் போனது. விரிவுரையாளர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். இரண்டு நிமிடம் போனது. முதியவர் தன் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் பார்வையைத் திருப்பினாள். சுவர் ஓரமாக ஒரு மேசை, இடுப்பு உயரத்தில், வெறுமனே நின்றது.

அட, கடவுளே! வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கவுன்டருக்குப் பின்னால் நின்றுதானே பேசுகிறேன், ஒரு வார்த்தைகூட உட்கார்ந்து பேசினதில்லையே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? எழுந்து நின்றாள். அந்த மேசைக்குப் பின்னால் நின்று பேசலாமா என்று தட்டுத்தடுமாறி ஜெர்மனில் கேட்டாள். பேராசிரியை புருவத்தை உயர்த்தினார். முதியவர் தலையசைத்தார்.

மேசையின் அந்தப் பக்கம் போய் இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் ஊன்றினாள். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் மூன்று பேர். காலை நேரக் கூட்டத்துக்கு இது எவ்வளவோ தேவலை. முதல் பக்கத்தின் நகலை மேசையில் விரித்தாள். இது சரக்குப் பட்டியல் இல்லை, மருந்துச் சீட்டு, குழந்தையின் இருமலுக்கு என்றாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வெந்நீரில் கலந்து. கேட்கிறவர் தலையாட்டும்வரை திரும்பத் திரும்பச் சொல்வது அவள் வழக்கம். மூன்று வேளை, வெந்நீரில், என்று முதியவரின் கண்ணைப் பார்த்துத் திரும்பச் சொன்னாள். அவர் தன்னையறியாமல் தலையாட்டினார்.

பேராசிரியை குறுக்கிட்டார். இதை வணிகர் பட்டியல் என்று எழுதியது நான்தான், தெரியுமா என்று கேட்டார். விரிவுரையாளர் தரையைப் பார்த்தார். மருந்தக்காவின் குரல் தானாகத் தாழ்ந்தது, போனில் டாக்டரிடம் பேசுகிற அதே குரலாக. தெரியும் அம்மா, அளவை மட்டும் ஒருதடவை பாருங்கள் என்று ஜெர்மனில் பணிவாகச் சொல்லி, பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். பேராசிரியை எழுந்து மேசைக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் மேலே பேசினாள்.

முப்பத்திநாலாம் கடிதத்தை வாசித்தாள். "இன்று நகரத்திலிருந்து பெரிய டாக்டர் வந்தார். கடைக்காரர் எங்கே என்றார். உள்ளே இருக்கிறார் என்றேன். நான் பொய் சொல்லவில்லை, தங்கையே. உள்ளேதான் இருக்கிறார், கட்டிலில், மூன்று வருடமாக. என் கணவரின் கைப்பக்குவம் வேறு யாருக்கும் வராது என்று டாக்டர் புகழ்ந்தார். அவருக்குக் கை நடுங்கும். எனக்கு நடுங்காது."

முதியவர் வாய்விட்டுச் சிரித்தார். மேலே படியுங்கள் என்றார். அவள் படித்தாள், விளக்கினாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். நடுநடுவே இலக்கணம் உதைத்தது, அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. பதினைந்து நிமிடம் எப்போது முடிந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அவள் மூச்சு விட நிறுத்தியபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

பேராசிரியை நூலகத்திலிருந்து அந்தப் பெட்டியையே எடுத்துவரச் சொன்னார். இருபத்திரண்டு வருடம் முன்னால் தான் எழுதிய வரியைத் தன் சிவப்புப் பேனாவாலேயே அடித்தார். 'மருந்துக்கடை நடத்திய பெண்ணின் கடிதங்கள்' என்று எழுதினார். அதன் கீழே 'படித்துக் கண்டறிந்தவர்' என்று போட்டு அவளுடைய முழுப் பெயரை, தலைப்பெழுத்து உட்பட எழுதினார். யானைக்கும் அடி சறுக்கும்தான். சறுக்கியதைத் தானே திருத்துகிற யானையை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"என் கட்டுரை தப்பு" என்றார் பேராசிரியை, இப்போது தமிழில். "உங்க கட்டுரை எப்ப வரும்?"

அந்த வருடத்து வாய்மொழித் தேர்வில் அவளுக்குத்தான் முதல் மதிப்பெண். அவள் படியிறங்கி வந்தாள். கீழ்ப் படியில் கணவர் தவம் கிடந்தார். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். எவ்வளவு நேரம் பேசினாய் என்று கேட்டார். சொன்னாள்.

"நாப்பது நிமிஷமா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து மொத்தமா என்கிட்ட அவ்வளவு பேசியிருக்க மாட்டியே!" என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வீடு வரை அவள் வாய் ஓயவில்லை. அவர் ஊங்கொட்டிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை கடையில் டையும் தோல்பையுமாக ஒருவர் வந்தார். மருந்துக் கம்பெனி ஆள், ஊருக்குப் புதுசு. அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பெரியவர் இல்லையா?"

பழைய பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் இரண்டு உள்ளங்கையையும் கவுன்டரில் ஊன்றினாள்.

"இருக்கார். ஆனா கடையை நடத்தறது நான்தான். சொல்லுங்க."

உள்ளறையில் செய்தித்தாள் சரசரவென்று விலகியது. வந்தவர் நம்பிக்கையோடு அந்தப் பக்கம் திரும்பினார்.

"அதான் சொல்லிட்டாங்களே" என்றது முதலாளியின் குரல். "அவங்ககிட்டயே பேசுங்க."