ப்ரூனோவுக்குத் தெரிந்த பாஷை

என் மகள் மானசாவுக்கு என்ன கைவரும் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு அனுப்பியிருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்தது எதுவோ, நன்றாக வருவது எதுவோ அதை வைத்து ஒரு சிறு தொழில் தொடங்க வேண்டுமாம். தீபாவளி விடுமுறை முடிந்து வந்ததும் வகுப்பில் எழுந்து நின்று அதைப் பற்றிப் பேச வேண்டுமாம். தொழில்கூடப் பரவாயில்லை. எழுந்து நின்று பேசுவது என்றதும்தான் எனக்குக் கவலை வந்தது.

மானசா வெளியாள் முன்னால் வாய் திறக்க மாட்டாள். படிக்கட்டில் யாராவது "பேட்டா, பேர் என்ன?" என்று கேட்டால் என் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள். "நல்ல பிள்ளைதான், ஆனால் வகுப்பில் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை" என்று அவளுடைய ஆசிரியை ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் சொல்வார். நான் பாளையங்கோட்டைக்காரி. எங்கள் வீட்டில் ஒருவர் கேள்வியை முடிப்பதற்குள் நாலு பேர் பதில் சொல்லியிருப்பார்கள். எனக்குப் போய் இப்படி ஒரு பிள்ளை.

என் கணவர் ராஜவேல் இங்கே தில்லியில் மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். திட்டம் போடுவது அவர் பாடு, செய்து முடிப்பது என் பாடு. "வாழ்த்து அட்டை வரைஞ்சு விக்கலாம்லா?" என்றார். மானசா நாலைந்து அட்டை வரைந்தாள். விலை சொல்ல வெட்கப்பட்டு, எல்லாவற்றையும் வாட்ச்மேனுக்குச் சும்மா கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்தது என் யோசனை, பிஸ்கட். கருகிப்போன அந்தத் தட்டை இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். கணக்கு நன்றாக வரும் என்று, கீழ்வீட்டு இரண்டாம் வகுப்புப் பையனுக்கு ட்யூஷன் சொல்லிக்கொடுக்க உட்கார வைத்தோம். அவனும் பேசவில்லை, இவளும் பேசவில்லை. எட்டிப் பார்த்தால் பையன் மேஜைமேல் தலைவைத்துத் தூங்குகிறான், இவள் அவனுக்கு மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இதற்கிடையில் பக்கத்து பிளாக் ஸ்நேகா மணி கோத்த கைவளையம் செய்து ஜனக்புரி முழுக்க விற்றுக்கொண்டிருந்தாள். அதை அவள் அம்மா என்னிடம் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறாமை இல்லை. வயிறு மட்டும் எரிந்தது.

ஒரு நாள் சாயங்காலம் வங்கி வேலை முடிந்து மெட்ரோ விட்டு இறங்கி நடக்கிறேன், எதிரே மானசா வருகிறாள். கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு லாப்ரடார்.

"யாரு நாய்ட்டி இது?" என்று அலறினேன்.

"குரானா ஆன்ட்டியோடதும்மா. அவங்களுக்கு முட்டு ஆபரேஷன் ஆயிருக்குல்லா. இனிமே டெய்லி நான்தான் கூட்டிட்டுப் போவேன். இதான் என் பிசினஸ்."

"நீயா போய்க் கேட்டே?"

"கதவுக்கு அடியில ஒரு சீட்டு எழுதித் தள்ளிவிட்டேன்."

எங்கள் பரம்பரையில் நாய் வளர்த்தவர்கள் கிடையாது. ராஜவேல் தெருவில் நாயைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். ப்ரூனோ என்ற அந்த நாயோ பேர்பெற்ற ரௌடி. தரைத்தளத்துக் குரானா வீட்டுச் சோபாவின் ஒரு கையைத் தின்றிருக்கிறது. போன குளிர்காலத்தில் அந்த அம்மாளைப் பூங்கா முழுவதும் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அந்த முட்டுக்கு ஆபரேஷன் வந்ததில் இதற்கும் பங்கு உண்டு என்பது எங்கள் பிளாக்கின் அபிப்பிராயம்.

ஆனால் ஒரு மாதத்தில் அந்த ரௌடி மானசாவுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி அடக்கமாக நடக்க ஆரம்பித்தது. அதைப் பார்த்து மாடிவீட்டு லட்டூவும், எதிர் பிளாக் சுல்தானும் வாடிக்கையாக வந்து சேர்ந்தன. நான் வீடு திரும்புவதற்குள் எல்லா நாயும் வீடு போய்ச் சேர்ந்திருக்கும், அதனால் அவள் எப்படிச் சமாளிக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் பேச ஆரம்பித்தாள் என்பதுதான். சாப்பிடும்போது லட்டூ எதற்குப் பயப்படும், சுல்தானுக்கு எந்தக் காதில் சொறிந்தால் பிடிக்கும் என்று நிறுத்தாமல் பேசினாள். ஒரு நாள் படிக்கட்டில் லட்டூவின் சொந்தக்காரரை அவளாகவே நிறுத்தி, பூச்சி மருந்து கொடுத்தீர்களா என்று இந்தியில் கேட்டாள். நான் இரண்டு படி கீழே நின்று, மூச்சுவிட்டால் கலைந்துவிடுமோ என்று பயந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த நாய்கள்மேல் அன்று வந்த பாசம் என் சொந்தபந்தங்கள்மேல்கூட வந்ததில்லை.

தசரா முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குரானாம்மாளின் மகன் மோஹித் கதவைத் தட்டினான். குருகிராமில் பெரிய வேலையில் இருப்பவன், அம்மாவைப் பார்க்க வந்திருந்தான்.

"ஆன்ட்டி, உங்கள் மகள் எங்கள் நாயைக் கெடுத்து வைத்திருக்கிறாள். எங்கள் பேச்சை அது காதிலேயே வாங்குவதில்லை. வந்து பாருங்கள்."

பிளாக்குக்கு முன்னால் இருக்கும் சின்னப் பூங்காவுக்குப் போனோம். ப்ரூனோ வாயில் பந்தோடு நின்றது. "ப்ரூனோ, ஸிட்!" என்றான் மோஹித். ப்ரூனோ அவனை, சாப்பாட்டு நேரத்தில் வங்கிக் கவுண்டருக்கு வந்தவனை நான் பார்ப்பதுபோல் பார்த்தது. "பைட்டோ! அரே, பைட் ஜா!" என்று இந்தியிலும் உட்காரச் சொன்னான். நாய் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்க வந்த கூட்டம் வேடிக்கை பார்க்கத் திரண்டுவிட்டது. ஸ்நேகாவின் அம்மா முதல் வரிசையில்.

"முன்பு பிஸ்கட் காட்டினாலாவது உட்காரும். நீ என்ன செய்தாய்?" என்று மோஹித் மானசாவிடம் கேட்டான். அவள் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கேட்டதைவிட அவள் நின்ற நிலைதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. இரண்டு மாதமாகப் பேசின பிள்ளை, மறுபடியும் பழைய பிள்ளையாகிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என்ன கல்லு மாதிரி நிக்கே? வாயத் தொறந்து பதில் சொல்லு. இல்லைன்னா பேசாம ஒரு ஓரமாப் போய் உக்காரு!" என்று கத்தினேன்.

ப்ரூனோ உட்கார்ந்தது.

கூட்டம் நாயைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. "எந்திரி" என்றேன். எழுந்தது. "சும்மா கெட" என்றேன். புல்லில் சப்பென்று படுத்து, பந்தைக் கவ்வியபடியே என்னைப் பார்த்தது.

"அந்தப் பந்தை வாங்க முடியுமா?" என்று மோஹித் மெல்லக் கேட்டான். அதற்கு நாயிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

"சவத்த விடு" என்று மானசா பின்னாலிருந்து முணுமுணுத்தாள். பந்து கீழே விழுந்தது.

எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பஸ் போய்விட்டாலும், தோசை கருகினாலும், ஆபீசில் புரமோஷன் கிடைக்காவிட்டாலும் எங்கள் ஊரில் சொல்வது அதுதான், "சவத்த விடு." வீட்டுக்குள் நான் போடும் சத்தமெல்லாம் ஒன்றுவிடாமல் நாய்க்கு மாறிப் போயிருந்தது. அது ஆண் நாய் என்பதைக்கூடப் பாராமல் 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுகிறாளாம்.

"ஏன்ட்டி, இந்தியில சொல்லிக் குடுத்தா என்ன?"

"இந்தியில சொன்னா அவன் கேக்கல. நீ சொன்னா நான் உடனே கேக்கேன்லா? அதான் நீ சொல்லுத மாதிரியே சொன்னேன். வேற தமிழ் எனக்குத் தெரியாதும்மா."

பூங்காவே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. தில்லியில் பிறந்த பிள்ளை, தமிழ் எழுதப் படிக்க வராது, பேச்சாவது வரட்டும் என்று வீட்டில் விடாமல் தமிழ் பேசினேன். பன்னிரண்டு வருஷத்தில் அவளுக்கு நான் கொடுத்தது நாய்க்குப் போடும் கட்டளைகள்தானா?

மோஹித் சிரிக்கவில்லை. "எங்கள் வீட்டு நாய்க்கு நாங்கள் சொல்வது புரிய வேண்டாமா? நாளைக்கே ட்ரெய்னரை வரச் சொல்கிறேன். இனிமேல் நீ வர வேண்டாம், பேட்டா" என்றான். அவன் மரியாதையாகத்தான் சொன்னான், கோபப்படக்கூட எனக்கு வழி வைக்கவில்லை. மானசா கயிற்றை அவன் கையில் கொடுத்தாள். அவனைப் பார்த்து லட்டூ வீட்டுக்காரர்களும் சுல்தான் வீட்டுக்காரர்களும் கொஞ்சநாள் போகட்டும் என்றார்கள்.

அவள் அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அழவில்லை. சாப்பிட்டாள், படித்தாள், தூங்கினாள், பேச்சு மட்டும் நின்றுவிட்டது. "வகுப்பில வாழ்த்து அட்டையப் பத்திப் பேசேன்" என்றார் ராஜவேல். "அன்னைக்கு லீவு போட்டுக்கிடுதேன்" என்றாள். நாய் வேலை போனால் போகட்டும். திறந்த கதவு மறுபடி சாத்திக்கொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஸ்நேகாவின் அம்மா படிக்கட்டில் அனுதாபம் சொன்னாள். நல்ல வார்த்தையாகப் பதில் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் வந்து பாத்திரங்களை டமால் டமால் என்று கழுவினேன்.

தீபாவளி அன்று மத்தியானமே வெடி ஆரம்பித்துவிட்டது. வெடிக்குத் தடை என்று ஒன்று இருப்பதாக வருஷாவருஷம் பேப்பரில் படிப்போம். சாயங்காலம் நான் வாசலில் அகல் ஏற்றிக்கொண்டிருந்தபோது குரானாம்மாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, ஆபரேஷன் செய்த காலோடு இரண்டு மாடி ஏறி வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"மானசா எங்கே? மத்தியானத்திலிருந்து ப்ரூனோ கட்டிலுக்கு அடியில் கிடக்கிறான். ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. உடம்பெல்லாம் நடுங்குகிறது. ட்ரெய்னர் ஊருக்குப் போய்விட்டான். மோஹித் கையை நீட்டினால் பல்லைக் காட்டுகிறான்."

அவர் பேசி முடிக்கும்போது மானசா பாதிப் படி இறங்கியிருந்தாள், செருப்புகூடப் போடாமல். நான் குரானாம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

உள்ளறையில் மோஹித் பட்டுக் குர்த்தாவோடு தரையில் மண்டியிட்டு, ஒரு கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, "கம் ஆன் பாய், கம் ஆன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"பையா, நீங்கள் தள்ளுங்கள்" என்று இந்தியில் அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் மானசா. அவன் தள்ளினான். புதுப் பாவாடை தூசியில் புரள, அவள் குப்புறப் படுத்துக் கட்டிலுக்கு அடியில் நகர்ந்து போனாள். பயந்த நாய் கடிக்கும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

என் கட்டளைகளில் ஒன்று வரும் என்று காத்திருந்தேன். 'வெளிய வா' என்பாள், 'எந்திரி' என்பாள். எதுவும் வரவில்லை. வெளியே ஒரு சரம் வெடித்து ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் கட்டிலுக்கு அடியிலிருந்து அவள் குரல் கேட்டது.

"ஒண்ணுமில்லட்டி. ஒண்ணுமில்ல. அம்மா இருக்கேன்லா. அம்மா எங்கயும் போவல."

மூன்றாம் வகுப்பில் அவளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கையில் ஊசி குத்த வரும்போதெல்லாம் நடுங்குவாள். அப்போது அவள் நெற்றியில் கைவைத்து நான் சொன்ன வார்த்தைகள் அவை. சொன்னது எனக்கே மறந்துபோயிருந்தது. அவள் ஒரு எழுத்தை மாற்றாமல் வைத்திருந்தாள், அந்த 'அம்மா'வைக்கூட எடுக்காமல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடக்கவெல்லாம் இல்லை, நன்றாகவே அழுதேன்.

"ஆன்ட்டி, அவள் என்ன சொல்கிறாள்?" என்று மோஹித் பதறிக் கேட்டான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் அவள் கால் வெளியே வந்தது, பிறகு அவள், பிறகு அவள் கழுத்துக்கடியில் மூக்கைப் புதைத்தபடி ப்ரூனோ. கிண்ணத்துத் தண்ணீரைச் சளப் சளப் என்று குடித்து முடித்துவிட்டு, நேரே போய்க் குரானாம்மாளின் நல்ல முட்டுமேல் தலையை வைத்துக்கொண்டது.

மானசா தலையில் ஒட்டடையோடு தரையில் உட்கார்ந்து, எல்லோர் முகத்தையும் பார்த்து, இந்தியில் பேச ஆரம்பித்தாள். "பயந்திருக்கிறவனிடம் ஆர்டர் போடக் கூடாது, பையா. பிஸ்கட்டும் காட்டக் கூடாது. இதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நடுக்கம் நிற்கும்வரை நிறுத்தக் கூடாது. இன்றைக்கு ராத்திரி முழுக்க வெடிப்பார்கள், நான் இங்கேயே இருக்க முடியாது. அதனால் நீங்கள் இரண்டு பேரும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்." அவ்வளவு நீளமாக அவள் வெளியாளிடம் பேசி நான் கேட்டதே இல்லை.

குரானாம்மாள் ப்ரூனோவின் நெற்றியில் கைவைத்து, பஞ்சாபி வாசனை வீச, "அம்மா இருக்கேன்லா" என்றார். முதல் தடவையிலேயே சரியாக வந்தது.

மோஹித் கையிலிருந்த பிஸ்கட்டைக் குர்த்தாப் பையில் போட்டான். பிறகு, "திங்கட்கிழமையிலிருந்து வருகிறாயா? ட்ரெய்னரை நிறுத்திவிடுகிறேன்" என்றான்.

"வருகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்களுக்கும் வகுப்பு உண்டு. நாய்க்கு வாங்குகிற அதே ஃபீஸ்தான் மனுஷனுக்கும்."

சொன்னது என் மகள்தானா என்று திரும்பிப் பார்த்தேன். வாசலில் ஒரு பெரிய வெடி வெடித்தது. ப்ரூனோ மறுபடி நடுங்கியது. மோஹித் பட்டுக் குர்த்தாவைப் பற்றிக் கவலைப்படாமல் அதன் பக்கத்தில் படுத்து, காதருகே வாயை வைத்து, "அம்மா இருக்கேன்லா, அம்மா இருக்கேன்லா" என்று அவசர அவசரமாகச் சொன்னான்.

"வார்த்தை சரிதான், பையா" என்றாள் மானசா. "இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்."