செல்லையாவுக்கு வைத்த தண்ணீர்

கூடலூரை அடுத்த தேவாலாப் பக்கம் ஆடி மழையில் குடை பிடிப்பது வீண்வேலை. அந்த மழையில், சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் முற்றத்தில் கறுப்புக்கொடி கட்ட மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார் அய்யாவு. குழி தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. ஊறிய தண்ணீரையும் திட்டினார், மண்வெட்டி பிடித்தவனையும் திட்டினார். மனிதருக்கு மூக்கின் மேல் கோபம். சிலோனிலிருந்து எழுபத்திரண்டில் கப்பலேறி வந்தபோது அவர் கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டியும் அந்தக் கோபமும்தான். பெட்டி துருப்பிடித்துப் போயிற்று. கோபத்தை வைத்துத்தான் லயத்துக்குத் தலைவரானார்.

எண்பத்து மூன்று ஜூலைக்குப் பிறகு அந்தக் கோபத்துக்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. அவருடைய தம்பி செல்லையா அங்கேயே தங்கிவிட்டவன். பதுளைப் பக்கம் ஒரு கடையில் கணக்கப்பிள்ளை. கலவரத்தில் கடையை வெளியே பூட்டித் தீ வைத்துவிட்டார்கள். கடைசிக் கப்பலில் வந்த உறவுக்காரன் ஒருவன்தான் சேதி கொண்டுவந்தான். உள்ளேயிருந்து செல்லையா கடைசிவரை தண்ணீர், தண்ணீர் என்று கத்தினானாம். இதை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அய்யாவு ஒரு வாய் தண்ணீரை நிம்மதியாகக் குடித்ததில்லை.

அதனால்தான் வருஷா வருஷம் ஜூலையில் லயத்தில் ஒரு அஞ்சலிக் கூட்டம் போட்டு, அதில் அப்படி ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். கலவரத்தில் செத்தவர்களின் படங்களை வரிசையாக வைத்து, செல்லையா படத்தின் முன்னால் ஒரு செம்பு நிறையப் பீலித் தண்ணீர் வைப்பார். பேர்களை மைக்கில் வாசித்து முடித்ததும், அந்தத் தண்ணீரின் முதல் வாய் பேரனுக்கு. மகள் அன்னக்கிளியின் பிள்ளை, தம்பி பேரையே வைத்த பிள்ளை; போன வருஷம் கைக்குழந்தையாக இருந்தபோது உதட்டை நனைத்ததோடு சரி. “குடி சாமி, தாகம் தீரக் குடி” என்று சொல்லி அவர் புகட்டும்போது அழாத பெண் அந்த லயத்தில் இல்லை.

பீலி என்றால் சிலோன் தோட்டத்து ஜனங்களுக்கு உயிர். மலைக்கு மேலே ஊற்றில் பிடித்து, மூங்கிலைப் பிளந்து வரிசையாக வைத்து, லயத்துக்குப் பக்கத்தில் கொட்டவிடும் தண்ணீர். இங்கே வந்த புதிதில் தோட்டத்துக்காரர்கள் கிணற்றைக் காட்டினார்கள். நிற்கிற தண்ணீரைக் குடிக்க நாங்கள் என்ன மாடா என்று கேட்டு, அய்யாவு தன் கையால் மூங்கில் வெட்டிப் பீலி வைத்தார். அன்றைக்கு அது நல்ல தண்ணீர்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

போன வருஷம் தோட்டத்தில் இன்னும் ஆள் எடுத்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு லயம் கட்டினார்கள். கட்டிய இடம் பீலி பிடித்த ஊற்றுக்கு மேலே. லயம் என்றால் கக்கூஸ் குழியும் உண்டல்லவா? மழை பிடித்ததும் குழி நிரம்பி வழிந்தது. வழிந்தது எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. பீலியில் தண்ணீர் முன்னைப்போலவே வெள்ளையாகச் சலசலத்துக் கொட்டியது. பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் நாளெல்லாம் குடித்தது கொதித்த சாயத்தண்ணி, பாலில்லாத தேநீர். பச்சைத் தண்ணீர் குடித்தவை பிள்ளைகள்தான்.

அய்யாவு மூங்கிலை நட்டு மண்ணை மிதித்துக்கொண்டிருக்கும்போது நர்ஸ் தபித்தாள் வந்தாள். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரி, தோட்டத்து மருந்தகத்தில் வேலை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றாள்.

“ஏனுங்க தலைவரே, போன தடவையும் சொன்னனுங்க. உங்க பீலி மூங்கிலைக் கொண்டுபோயிப் புது லயத்துக்கு மேல இருக்கற ஊத்துல வையுங்க. ஒரு ஞாயித்துக்கெழம சனத்தைக் கூட்டீட்டுப் போனா முடிஞ்சுருமுங்க. தொரைகிட்டப் போயி நிக்கக்கூட வேண்டீதில்லீங்க.”

“இந்த ஞாயித்துக்கெழம பந்தல் வேல இருக்கும்மா. கூட்டம் முடியட்டும், எல்லாருமாச் சேந்து சிரமதானம் போட்டுறலாம்.”

“உங்க கூட்டத்துக்காகப் பேதி காத்திருக்காதுங்க. அஞ்சாறு புள்ளைகளுக்கு வயித்தால போகுது. தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடுங்கன்னா, ஈர வெறகுல எப்புடிங்கறாங்க. வயித்தால போற புள்ளைக்கு உப்பும் சக்கரையும் போட்டுத் தண்ணி குடுத்துட்டே இருக்கோணும்னு சொன்னா, தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு வாயக் கட்டிப் போடறாங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க.”

அய்யாவுக்குச் சுரீர் என்று வந்தது. “அங்க நம்ம சனத்த வெட்டிப் போட்டான், எரிச்சுப் போட்டான். நீங்க என்னான்னா புள்ளைக்கு வயித்தால போறதக் கொண்டாந்து அதுக்கு நேரா வைக்கிறீங்க. அது கொல. இது சீக்கு. கொழந்தைங்க சாவறது எந்த ஊர்ல இல்ல?”

“நான் எதையும் எதுக்கு நேராவும் வெக்கலீங்க. அங்க செத்தவங்களை இனி நீங்களும் காப்பாத்த முடியாது, நானும் காப்பாத்த முடியாது. இதுகளைக் காப்பாத்தலாம். அவ்வளவுதானுங்க.”

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அய்யாவு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். பந்தல் போட்டார்கள், தகரம் கட்டினார்கள், கூடலூரிலிருந்து மைக் செட்டும் வந்து இறங்கியது. அத்தனை கைகள் சேர்ந்தால் பீலியை மலையுச்சிக்கே ஏற்றியிருக்கலாம்.

திங்கட்கிழமை அதே லயத்துச் சின்னம்மை என்பவளின் பெண்குழந்தை செத்துப்போயிற்று. தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை. முந்தின நாள்தான் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தது. சின்னம்மையின் புருஷன் இருளப்பன்தான் லயத்தில் தப்பு மேளம் அடிப்பவன். பெரிய சாவு எது விழுந்தாலும் அவன் தப்புச் சத்தம் கேட்டு ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு இறங்கி வருவார்கள். ஆனால் பச்சைப்பிள்ளைகளுக்குத் தப்பு கிடையாது. துணியில் சுற்றி, இரண்டு ஆண்கள் எடுத்துப் போய், தேயிலைக்கு ஓரமாகப் புதைத்துவிட்டு, அடுத்த பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போய்விடுவார்கள். அங்கேயும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான்.

சின்னம்மை அதற்கு ஒப்பவில்லை. தலையை விரித்துப் போட்டபடி அய்யாவு குடியிருந்த காம்பரா வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணே, எம்புள்ளைக்குத் தப்பு அடிக்கச் சொல்லுங்க. அது இருந்துச்சுன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்.”

“அந்த வழக்கம் இல்லையே தாயி.”

“ஜூல மாசத்துக்கு அடிக்கிறது மட்டும் எந்தக் காலத்து வழக்கம்? நீங்க வச்சதுதான? செத்தவங்களுக்கு அடிக்கிறீங்க. இதுவும் செத்துதான கெடக்கு.”

இருளப்பன் வந்து அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போனான். தலைவர் சொன்னால் அடித்திருப்பான், சொல்லவில்லை, அடிக்கவில்லை. அன்று பிற்பகலில் பிள்ளையைப் புதைத்துவிட்டு, கூட்டத்துக்காகத் தப்பைச் சரிபார்க்க உட்கார்ந்தான்.

கூட்டம் நன்றாகத்தான் நடந்தது. நெல்லியாளத்திலிருந்து கூட ஆட்கள் வந்தார்கள். இருளப்பன் தப்பைத் தீயில் காய்ச்சி அடித்தான். அய்யாவு மைக்கைப் பிடித்துப் பேர்களை வாசித்தார். எல்லாம் முடிந்தபின் எப்போதும் சொல்வதைச் சொன்னார்: “என் தம்பிய எரிச்சவன் பேரு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா இந்த மைக்குல சொல்லுவேன். ஒலகம் கேக்கச் சொல்லுவேன்!” ஜனங்கள் கை தட்டினார்கள், சிலர் மாரில் அடித்துக்கொண்டார்கள்.

பிறகு செம்பை எடுத்தார். பேரன் இப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு தத்தித் தத்தி வந்து, தாத்தா முழங்காலைக் கட்டிக்கொண்டான். அவர் குனிந்து புகட்டினார். பிள்ளை ஆசை ஆசையாகக் குடித்தான். பாதிச் செம்பு தீரும்வரை விடவில்லை.

இரண்டாம் நாள் வயிற்றால் போக ஆரம்பித்தது. காலையில் ஓடிக்கொண்டிருந்தவன் மத்தியானத்தில் துவண்டு கிடந்தான். நர்ஸ் பந்தலூர் மருத்துவ முகாமுக்குப் போயிருந்தாள். மழையில் மரம் விழுந்து பஸ் நின்றிருந்தது. அய்யாவு திருநீறு போட்டார், வசம்பு உரசி நாக்கில் தடவினார். பிள்ளை உதட்டை நக்கிக்கொண்டு “தண்ணி, தண்ணி” என்றது. அதற்குத் தெரிந்த நாலைந்து வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

அன்னக்கிளி எழுந்து செம்பை எடுத்தாள். “அப்பா, நர்சம்மா குடுக்கணும்னு சொன்னாங்களே...”

“குடுக்காத!” அய்யாவு செம்பைப் பிடுங்கினார். “குடுக்கக் குடுக்கப் போகும். நின்னப்புறம் குடுக்கலாம்.”

செம்பைப் பரண்மேல் வைத்தார். பிள்ளையின் கண் செம்பு போன பக்கமே போயிற்று. கொஞ்ச நேரம் அழுதது. பிறகு அழக் கண்ணீர் வரவில்லை. பிறகு சத்தமும் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. உதடு என்ன சொல்கிறது என்று அய்யாவுக்குத் தெரிந்தது. தம்பி சேதி வந்த நாள் முதல் அவர் காதில் கேட்டுக்கொண்டிருக்கும் வார்த்தைதான் அது. அப்போதாவது செம்பை இறக்கியிருக்கலாம். பிள்ளை பிழைக்க வேண்டும் என்று நினைத்தே இறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் பிள்ளை செத்துப்போனான். பிறகு மழையும் விட்டது.

தபித்தாள் வந்து சேர்ந்தபோது துணி சுற்றியாகிவிட்டது. பிள்ளையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. “தண்ணி குடுத்தீங்களா?” என்று கேட்டாள். அன்னக்கிளி பரண்மேல் இருந்த செம்பைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். தபித்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய் நின்றாள்.

இருளப்பன் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். யாரும் கூப்பிடவில்லை, தானாகவே வந்தான். தலைவர் வீட்டுப் பிள்ளையாயிற்றே, வழக்கத்தை மாற்றினாலும் மாற்றுவார் என்று நினைத்தானோ என்னவோ. பின்னால் சின்னம்மையும் நின்றாள்.

“அடிக்கவா தலைவரே?”

அய்யாவுவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டு அடிக்கச் சொல்ல? ஒம்புள்ளைக்கு அடி மொதல்ல” என்றார்.

இருளப்பன் அடித்தான். முதல் அடியே கோணலாக விழுந்தது. அவன் அழுதுகொண்டே அடித்தான். தப்புச் சத்தம் கேட்டு மேல் மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு பெண்கள் இறங்கி வந்தார்கள். “யாரு, யாரு?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். சின்னம்மை தன் மகள் பேரைச் சொன்னாள். கேட்டவர்களில் இன்னொருத்தி, போன மழையில் போன தன் பிள்ளையின் பேரைச் சொன்னாள். அதற்கடுத்து இன்னொருத்தி. பந்தல் இன்னும் பிரிக்காமல் இருந்தது. அதன் கீழே அவர்கள் சொல்லச் சொல்ல, தம்பி படத்துப் பக்கத்தில் இந்தப் பிள்ளைகளையும் வைக்க அந்த முற்றத்தில் இடம் போதாது என்று அய்யாவுக்குத் தோன்றியது.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவர், கை கழுவாமலே, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போகத் திரும்பினார். அன்னக்கிளி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் குரல் உயரவில்லை.

“சித்தப்பாவ எரிச்சவன் பேரு தெரியலன்னு வருசா வருசம் மைக்குல அழுவீங்களே. எம்புள்ளையக் கொன்னவன் பேரு தெரியுமாப்பா?”

அய்யாவு நின்றார். சீக்கு என்று சொல்லலாம், மழை என்று சொல்லலாம், மேலே லயம் கட்டிய தோட்டத்துக்காரன் என்று சொல்லலாம், அதில் பாதி உண்மையும் இருக்கிறது. மகள் முகத்தைப் பார்த்தார், மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“தெரியும்.”

“தெரிஞ்சா ஒலகம் கேக்கச் சொல்லுவேன்னீங்க.”

மைக் செட்டைக் கூடலூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முற்றத்தில் தப்பு ஓயவில்லை, ஜனங்கள் கலையவில்லை. அய்யாவு பந்தலுக்குள் போய் இருளப்பன் கையைப் பிடித்துத் தப்பை நிறுத்தினார். பிறகு செத்த பிள்ளைகளின் தாய்மார்களைப் பார்த்து நின்று, தன் பேரைச் சொன்னார்.